இரண்டாவதாகப் பார்த்தவர்

...வருவான் என்று தெரியும், வராமல் இருக்கமாட்டான் என்பதும் தெரியும், ஆனால் பதினொரு மணி என்று சொன்னால் பத்தே முக்காலுக்கே வந்து, அதுவும் அவள் வழக்கமாக உட்காருகிற சிமெண்டுப் பலகையில், அதுவும் நட்டநடுவில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும். பதினான்கு வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் செய்தவளுக்கு இதுகூடவா தெரியாது, எந்தச் சண்டைக்கும் முதல் ஆளாகப் போய் நல்ல இடமாகப் பிடித்துக்கொள்கிறவன் அல்லவா அவன். குளத்தங்கரையில் வேறு இடமே இல்லையா... இருக்கிறது, ஈரமண் இருக்கிறது, கோரைப்புல் இருக்கிறது, வேண்டுமானால் அவள் போய் அதில் உட்கார்ந்துகொள்ளலாம். அவள் உட்காரவில்லை. பையைத் தோளில் மாட்டியபடியே அவன் முன்னால் நின்றாள், அவன் கண்டுகொள்ளாத மாதிரி தண்ணீரைப் பார்த்தான், பிறகு ஒரு சாண் நகர்ந்தான், அவள் இன்னும் நின்றாள், இன்னும் ஒரு முழம் நகர்ந்தான். பலகையின் இந்த ஓரத்தில் உட்கார்ந்து, பையை இருவருக்கும் நடுவில் வைத்தாள், அதில் தண்ணீர் பாட்டிலும் நோட்டும் பைனாகுலரும் அந்தப் படிவமும் இருந்தன. "வெயில் இல்ல" என்றான். மூன்று வருஷத்துக்குப் பிறகு முன்னாள் பெண்டாட்டியிடம் நேரில் பேசுகிற முதல் வார்த்தை, வெயில் இல்லை. என்னமோ வெயிலை அவள்தான் வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வந்த மாதிரி.

தேவைப்படுகிறான், அதுதான் எரிச்சல். வேறு யாராவது இருந்திருந்தால் இந்த முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் விதி அப்படி. மாவட்டத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு தட்டான்பூச்சியை ஒருவர் பார்த்தேன் என்று எழுதினால், ஏழு நாளுக்குள், அதே இடத்தில், பார்வையாளர் அட்டை வைத்திருக்கிற இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பதிவு குப்பைக்கூடைக்குத்தான். அட்டை வைத்திருப்பவர்கள் இந்த மாவட்டத்தில் மூன்று பேர், அதில் ஒருவர் போன வருஷம் மகளோடு போய்ச் சேர்ந்துகொண்டு கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறார். மிச்சம் அவளும் இவனும். இன்று ஏழாவது நாள். மாவட்டத்துத் தட்டான்களின் புத்தகம் அச்சுக்குப் போகிறது, பட்டியலைப் பராமரிக்கிற பெரியவர், எல்லோரும் பட்டியல்காரர் என்று கூப்பிடுகிறவர், போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார், "சாயந்திரம் அஞ்சு மணிக்கு மூடறேன்மா, அதுக்கு மேல கடவுளே பார்த்தாலும் சேர்க்க மாட்டேன்." சரி, கடவுள் பார்க்கவில்லை, அவள்தான் பார்த்தாள், ஆறு நாளுக்கு முன்னால், இதே பலகையில் உட்கார்ந்து, அதோ அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற கட்டையின் நுனியில்.

நீலப்பொடியன் என்கிற தட்டான் எல்லாக் குளத்திலும் இருக்கும், ஆண் வளர வளர உடம்பெல்லாம் நீலமாவு பூசின மாதிரி ஆகிவிடும், அதை எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு வந்தது நீலப்பொடியன் இல்லை. அதே அளவு, அதே நீலம், ஆனால் வயிற்றின் நடுவில் இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு பட்டை. கரும்பட்டையன். இரண்டு மாவட்டம் தள்ளி இருப்பதாக எழுதியிருக்கிறார்கள், இங்கே ஒருத்தரும் பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது... இருபது விநாடி இருக்கும், காலை வெயில் நேராகக் கண்ணில், பைனாகுலரைத் தூக்கிப் பார்த்தாள், பட்டை தெரிந்தது, தெரிந்தது என்றால் தெரிந்ததுதான். செல்போனில் எடுத்த படத்தைப் பட்டியல்காரருக்கு அனுப்பினால், "கட்டை நல்லா விழுந்திருக்கும்மா" என்றார். கிண்டல் செய்கிற வயசா அவருக்கு. அவள் இருபது வருஷமாகப் பல் செட் செய்கிறவள், டாக்டர் அனுப்புகிற அச்சை வைத்துக்கொண்டு மேல்வரிசை கீழ்வரிசை என்று ஒவ்வொரு பல்லாக அடுக்கி, வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை பிரித்துச் சொல்கிறவள், அவள் கண்ணுக்குக் கறுப்புப் பட்டை தெரியாதா.

இந்தத் தவிப்பு எதற்கு என்று அவளையே அவள் கேட்டுக்கொள்ளாமல் இல்லை. புத்தகத்தில் ஒவ்வொரு தட்டானுக்கும் ஒரு பக்கம், பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில், மாவட்டத்தில் முதலில் பார்த்தவர் இன்னார், இரண்டாவதாகப் பார்த்தவர் இன்னார். அவன் பெயர் பதினொரு பக்கத்தில் முதலில் வருகிறது. அவள் பெயர் அந்தப் பதினொரு பக்கத்திலும் இரண்டாவதாக வருகிறது, முதலில் ஓரிடத்திலும் இல்லை. பதினொன்றுக்குப் பூஜ்யம். பன்னிரண்டு வருஷம் சேர்ந்து குளம் குளமாக அலைந்ததன் கணக்கு அவ்வளவுதான். அவள் "அதோ" என்பாள், அவன் பைனாகுலரைத் தூக்குவான், ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம் பேசாமல் பார்ப்பான், அந்த ஒரு நிமிஷமும் அவள் தன்னையே குடைந்துகொண்டிருப்பாள், தப்பாகச் சொல்லிவிட்டோமோ, இறக்கையின் நுனியைச் சரியாகப் பார்த்தோமோ என்று, கடைசியில் "ம்" என்பான். அந்த ஒரு "ம்" வருவதற்குள் அவள் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவுக்குக் காத்திருந்ததைவிட அதிகமாகக் காத்திருப்பாள். பிறகு நோட்டை எடுத்து அவன் எழுதுவான், அவன் பெயர் முதலில். ஒருமுறை கேட்டே விட்டாள், எதற்கு எப்போதும் உன் பெயர் முதலில் என்று. "எழுதறது நான்தானே" என்றான். வேறு என்ன பதில் வரும் அந்த வாயிலிருந்து.

மேகம் நகர்கிற வழியாக இல்லை. சூரியன் மறைந்தால் தட்டான்கள் எங்கே போகின்றனவோ, கோரைக்குள்ளும் மரத்து உச்சியிலும் போய் ஒடுங்கிவிடும், குளம் வெறும் தண்ணீராகிவிடும். "உங்க பக்கத்து மேகம் உங்கள மாதிரியே பிடிவாதமா நிக்குது" என்றான். உங்க பக்கம். உங்கள மாதிரி. கேளுங்கள் இந்த மரியாதையை. பதினான்கு வருஷம் வாய் நிறைய நீ, வா, போ, ஏய், இப்போது காகிதத்தில் பிரிந்ததும் நீங்க, வாங்க. மரியாதை கொடுத்துக்கூட ஒரு மனுஷியைக் கன்னத்தில் அறைய முடியும் என்று இவனிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அவளுக்கோ அவனை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை, நீ என்றால் உரிமை கொண்டாடுகிற மாதிரி, நீங்க என்றால் அவனுக்குப் பதில் மரியாதை செய்கிற மாதிரி, அதனால் ஆளே இல்லாத வாக்கியமாகப் பேசினாள், "இங்க வரச் சொல்லி யாரும் கையைப் பிடிச்சு இழுக்கல." அவன் சிரித்தான், அந்தச் சின்னச் சிரிப்பு, மூக்கால் சிரிப்பது. "பட்டியல்காரர் கூப்பிட்டாரு. வரலேன்னா நான்தான் கெடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவீங்க." சொல்லித்தான் இருப்பாள், அதில் பொய் இல்லை. உங்க பக்கம் என்றது மட்டும் சரி, பிரிந்தபோது பாத்திரம் பண்டத்தைக்கூடப் பத்து நிமிஷத்தில் பிரித்துவிட்டார்கள், குளங்களைப் பிரிக்கத்தான் ஒரு நாள் ஆனது. பட்டியல்காரர் தன் மேஜையில் வரைபடத்தை விரித்து, இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து, நீலப்பென்சிலால் வாய்க்கால் ஓரமாக ஒரு கோடு போட்டார், வாய்க்காலுக்கு வடக்கே அவனுக்கு, தெற்கே அவளுக்கு. நல்ல குளம் எல்லாம் வடக்கே போய்விட்டது. அவன் குடிநீர் வாரியத்தில் வால்வு திறந்து மூடுகிற வேலை பார்க்கிறவன், ஏரிகள் இருக்கிற பக்கம் அவனுக்கு வசதி என்று நியாயம் வேறு சொன்னார். அவளுக்குக் கிடைத்தது செங்கலுக்கு மண் எடுத்த பள்ளங்கள், அதில் ஒன்றுதான் இது. இருக்கட்டும், கரும்பட்டையன் வந்தது பள்ளத்துக்குத்தான், ஏரிக்கு இல்லை.

சட்டையைப் பார், இஸ்திரி போட்டிருக்கிறான். குளத்துக்கு வருகிறவன் இஸ்திரி போட்ட சட்டையில் வருவானா, யார் போட்டுக் கொடுத்தது... அவளுக்கென்ன. யார் வேண்டுமானாலும் போட்டுக் கொடுக்கட்டும். கழுத்தில் அந்தப் பழைய பைனாகுலர், வார் அறுந்து அவள் செருப்புத் தைக்கிற இடத்தில் கொடுத்துத் தைத்து வந்த அதே வார். திருப்பிக் கேட்டிருக்கலாம். வாரை மட்டுமா. அவள் மனசு அந்த முதல் வருஷத்துக்குப் போனது, போகாதே என்றால் கேட்கிற மனசா அது... குளிர் விட்டும் விடாத காலத்தில் வருகிற முதல் ஊசித்தட்டான், நூலைத் துண்டாக நறுக்கிப் பறக்க விட்ட மாதிரி, அதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு இருவரும் ஏதோ குழந்தை பிறந்த மாதிரி நடந்துகொள்வார்கள். பிறகு வெயில் ஏற ஏறப் பெரியவை வரும், கோடை உச்சியில் கை வலிக்க எழுத வேண்டும், சனி ஞாயிறு சமையல் கிடையாது, பொட்டலச் சாப்பாடு, கரையில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில். மழை முடிந்ததும் சிவப்புகள், பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஒரு கிழட்டு ஊசித்தட்டான், இறக்கை கிழிந்து, அதையும் எழுதிவிட்டு நோட்டை மூடினால் மூன்று மாதத்துக்கு ஒன்றுமே பறக்காது. அந்த மூன்று மாதம்தான் அவர்கள் புருஷன் பெண்டாட்டியாக மட்டும் இருந்த காலம், சண்டையெல்லாம் அந்த மூன்று மாதத்தில்தான். யார் எதை எங்கே வைத்தது, யார் அம்மா யாரைப் பற்றி என்ன சொன்னாள், கதவை ஏன் அப்படிச் சாத்தினாய். பூச்சிகள் திரும்பி வந்ததும் ராசியாகிவிடுவார்கள், ராசி என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு குளிர்காலத்தில் அவளுக்கு மேல்வரிசையில் பக்கவாட்டில் ஒரு பல் விழுந்தது, லேபில் மதிய இடைவேளையில் தனக்குத்தானே ஒரு பல் செய்துகொண்டாள். வேண்டுமென்றே, மற்றதைவிட ஒரு படி மஞ்சளாகச் செய்தாள். பார்க்கலாம், பத்தடி தூரத்தில் ஊசித்தட்டானின் கால் நிறத்தைச் சரிபார்க்கிறவன், சாப்பாட்டு மேஜையில் இரண்டடி தூரத்தில் இருக்கிற பெண்டாட்டி வாயைப் பார்க்கிறானா என்று. ஒரு வாரம் ஆனது, ஒரு மாதம் ஆனது, அவள் அவன் முன்னால் தேவைக்கு அதிகமாகவே சிரித்தாள், "இப்ப என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு" என்றானே தவிரப் பார்க்கவில்லை. எண்பத்தாறாம் நாள் அவளே அந்தப் பல்லைக் கழற்றி எறிந்துவிட்டுச் சரியான வெள்ளையில் வேறொன்று செய்து மாட்டிக்கொண்டாள். அதையும் அவன் பார்க்கவில்லை. பிரிவுக்குக் காரணம் என்ன என்று வக்கீல் அலுவலகத்தில் கேட்டபோது மனசு ஒத்துப்போகவில்லை என்று எழுதினார்கள், பல் விஷயத்தை எந்தப் பத்தியில் எழுதுவது. அவளுக்கு வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. பூச்சியைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்குத் தன்னைப் பார்க்கத் தெரியவில்லையே என்பதுதான் வலி, ஒன்றுமே தெரியாத ஜடமாக இருந்திருந்தால் மன்னித்திருப்பாள்.

பன்னிரண்டேகாலுக்கு மேகம் விட்டது. முதலில் எதிர்க்கரை வெளுத்தது, பிறகு தண்ணீர், பிறகு முழங்கால். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, கோரைக்குள்ளிருந்து ஊசித்தட்டான்கள் கிளம்பிவிட்டன, ஜோடி ஜோடியாக, தனியாக. "ஊசி நாலு, ஜோடி ஒண்ணு" என்று அவள் வாய் தானாகச் சொன்னது, நோட்டு அவள் மடியில் இருக்கும்போதே அவன் கை சட்டைப்பையில் பேனாவைத் தேடியது. இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டார்கள். சீ, என்ன உடம்பு இது, கோபம் மனசில் இருக்கிறது, பழக்கம் கையிலும் வாயிலும் இருக்கிறது. அவள் நோட்டில் தானே எழுதினாள். சிவப்பு ஒன்று, நீலப்பொடியன் ஒன்று, அது எதிர்க்கரையில், சாதாரணமானது, அதன்மேல் பட்டையும் இல்லை ஒன்றும் இல்லை. அவன் என்ன சொல்வான் என்று அவளுக்கு மனப்பாடம். பார்த்ததும் மூக்கால் சிரிப்பான், "இது நீலப்பொடியன்தாங்க, பொடி உதிர்ந்துபோன கிழடு, இதுக்கா ஒரு மனுஷன லீவு போட வெச்சீங்க" என்பான். அதற்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது, மூன்று பதில், நேற்று இரவு பாத்திரம் கழுவும்போதே வரிசைப்படுத்திவிட்டாள், பட்டை இரண்டு பக்கமும் சமம், ஓரம் நேர், நிறம் கறுப்பு, பழுப்பு இல்லை. சண்டைக்கு நாக்கு துறுதுறுத்தது. வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடலாம்.

வந்தது. கட்டையின் நுனியில், அதே இடத்தில், ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தது. "அதோ" என்றாள். பைனாகுலரைத் தூக்கினாள். பக்கத்தில் அவனும் தூக்குவது கண்ணோரத்தில் தெரிந்தது. இந்தமுறை வெயில் முதுகுப் பக்கம், எல்லாம் துல்லியம், இறக்கையின் நரம்புகூட. நீலம். நடுவில் கறுப்பு, இரண்டு பக்கமும்... இடதுபக்கம் கொஞ்சம் நீளம். பரவாயில்லை. வலதுபக்கம் ஓரம் நேராக இல்லை, பிசிறு. பிசிறுக்குள் கீற்றுக் கீற்றாக, நகத்தால் சுரண்டின மாதிரி, சுரண்டின இடத்தில் அடியிலிருந்து மங்கலான பழுப்பு. கறுப்பு இல்லை, பழுப்பு. இது என்னவென்று அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும், போன வருஷம் நூலகத்து மாடியில் தட்டான் பார்க்கப் புதிதாகச் சேர்ந்தவர்கள் பதினைந்து பேருக்கு அவளே படம் போட்டு விளக்கினாள், இணைசேரும்போது பெண் ஆணின் வயிற்றைக் காலால் கட்டிப் பிடித்துக்கொள்ளும், பிடித்த இடத்தில் நீலப்பொடி உதிர்ந்துபோகும், அது நோயும் இல்லை, வேறு இனமும் இல்லை, பிடித்த தடம், அவ்வளவுதான், இதைப் பார்த்துப் பெரிய பெரிய ஆட்களே ஏமாந்திருக்கிறார்கள், நீங்கள் ஏமாந்துவிடாதீர்கள். அவள் சொன்ன ஜோக்குக்கு எல்லோரும் சிரித்தார்கள். என்ன ஜோக் அது... நினைவில்லை. கட்டையின் மேல் பொடி உதிர்ந்த ஒரு சாதாரண நீலப்பொடியன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, ஆறு நாளாக அவள் தலைமேல் தூக்கிவைத்துக்கொண்டு ஆடிய ராஜா.

சொல்லப் போகிறான். இப்போது சொல்லப் போகிறான். அவள் பைனாகுலரை இறக்கவில்லை, இறக்கினால் முகத்தைப் பார்க்க வேண்டும், முகத்தில் அவளுக்கு ஈயாடாதது அவனுக்குத் தெரிந்துவிடும். பத்து விநாடி, இருபது, அந்தப் பழைய ஒரு நிமிஷம். எழுந்து போய்விடலாமா, நானே முந்திக்கொண்டு இது இல்லை என்று சொல்லிவிடலாமா, சொன்னால் கொஞ்சம் மானமாவது மிஞ்சும்... தட்டான் கிளம்பிப் போனது. "ம்" என்றான். அவள் சிரிப்புக்குக் காத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை. "பார்த்தாச்சு, குடுங்க" என்று கையை நீட்டினான். எதைக் கொடுப்பது என்று அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. அவனே பைக்குள் கைவிட்டுப் படிவத்தை எடுத்து, தொடைமேல் வைத்து, இரண்டாவதாகப் பார்த்தவர் என்ற இடத்தில், அந்த அழகான கையெழுத்தில், பெயர், அட்டை எண், தேதி, நேரம் பன்னிரண்டு நாற்பது, கையெழுத்து.

எதற்கு இது, பிச்சையா, பொறியா. பொய் என்று தெரிந்தே போட்டுவிட்டு, புத்தகம் வந்தபிறகு எல்லோர் முன்னாலும் உடைத்து மூக்கறுக்கலாம் என்றா. அவ்வளவு தூரம் யோசிக்கிறவன் இல்லை. பாவம் பார்த்தா... அதைவிட மூக்கறுக்கட்டும். "பட்டை எப்படி இருந்துச்சு" என்று கேட்டாள், நேராக அவனைப் பார்த்து. "நீங்க எழுதியிருக்கிற மாதிரிதான்" என்று பேனாவை மூடினான். அப்போதுதான் அவள் அவன் நெஞ்சில் தொங்குகிற பைனாகுலரைப் பார்த்தாள். முன்பக்கத்துக் கண்ணாடிகள் இரண்டின் மேலும் கறுப்பு ரப்பர் மூடி, கச்சிதமாக, கழற்றவே இல்லை. ஒரு நிமிஷம் முழுசாக அவன் இருட்டைப் பார்த்திருக்கிறான். இருட்டைப் பார்த்துவிட்டு ம் என்றிருக்கிறான்.

"மூடி" என்றாள். அவன் குனிந்து பார்த்தான். திருடன் மாட்டிக்கொண்ட முழியும் இல்லை, வெட்கமும் இல்லை, சட்டையில் பட்டன் மாற்றிப் போட்டிருக்கிறது என்று சொன்னால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தான். "அட" என்றான். பிறகு, "கழட்டினாலும் ஒண்ணுதான். எனக்கு இதுல எதுவுமே சரியாத் தெரியாது, ரெண்டு வட்டம் தனித்தனியா ஆடும். முதல் வருஷமே சொல்லியிருக்கணும், சொல்லல. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், எப்பவும் அப்படித்தானே போட்டேன்."

"எப்பவும்னா?"

"எப்பவும்தான்."

"அப்ப அந்த ஒரு நிமிஷம்?"

அவன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டான். "நீ சொன்னதும் உடனே எழுதினா, பார்க்காம எழுதறேன்னு கத்துவே. அதான் கொஞ்ச நேரம் வெச்சிருப்பேன்." இதை அவன் குறையாகவும் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை, எந்த வால்வு எத்தனை சுற்று என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு எழுந்தான், கால்சட்டையின் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டான், வரட்டுமா என்றுகூடக் கேட்காமல் கரை ஏறிப் போனான். ஸ்கூட்டர் மூன்றாவது உதையில் கிளம்பியது.

பாவி. பன்னிரண்டு வருஷம் அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்து, ராத்திரி படம் பார்த்துப் படம் பார்த்துப் படித்து, நரம்பு எண்ணி, நிறம் பிரித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாளே, எல்லாம் அவனிடம் தப்பு வாங்கக் கூடாது என்று, அவன் அங்கே இரண்டு வட்டம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் பலகையில் விட்டுப்போன படிவத்தைக் கிழித்துவிடத் தோன்றியது, கிழிக்கவில்லை. அப்படியானால்... அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்படியானால் அந்தப் பதினொன்றும் யாருடையது? அவன் பெயர் முதலில் போட்ட பதினொன்றையும் பார்த்தது யார்? அவள்தான், அவள் மட்டும்தான், எல்லாம் அவளுடையது, மாவட்டத்தில் முதலில் பார்த்தவள் பதினொரு பக்கத்திலும் அவள். இன்றைக்கே பட்டியல்காரரிடம் போய்ச் சொன்னால், மூடி போட்ட பைனாகுலரைச் சொன்னால், அவனால் மறுக்க முடியாது, மறுக்கவும் மாட்டான், எப்பவும்தான் என்று அதே குரலில் அங்கேயும் சொல்வான். சிரிப்பு வந்தது அவளுக்கு, கெட்ட சிரிப்பு, தனியாக ஒரு குளத்தங்கரையில். போன் எடுத்துப் பட்டியல்காரர் எண்ணைத் தேடினாள். மணி ஒன்று. ஐந்துக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.

எண்ணை அழுத்தவில்லை. பதினொன்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டுமே, அவர் கேட்பாரே, எதை எங்கே எப்படிப் பார்த்தாய் என்று, ஒருமுறை மனசுக்குள் ஓட்டிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தாள். முதலாவது, பெரிய ஏரியின் கல்கரையில், காலை பத்து மணி, வாலில் மூன்று மஞ்சள் வளையம், எண்ணினாள், சந்தேகமே இல்லை. இரண்டாவது, வாய்க்கால் மதகில், கையால் பிடித்தே பார்த்தது, அதுவும் சரி. மூன்றாவது பம்ப் அறைக்குப் பின்னால் இருக்கிற ஓடையில், வெள்ளைக்கால் ஊசித்தட்டான். அன்றைக்கு அவனுக்கு வால்வு மூடப் போகிற நேரம் ஆகிவிட்டது, என்ன என்ன என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான், அது நிழலில் உட்கார்ந்திருந்தது, காலை மடக்கிக்கொண்டு. வெள்ளைக்கால் என்று அவள் சொன்னாள். அவன் ஒரு நிமிஷம் பார்த்தான், ம் என்றான், அவளுக்கு அப்பாடா என்று இருந்தது, அந்த அப்பாடா நன்றாக நினைவிருக்கிறது, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இருந்தது. கால்... காலை அவள் பார்த்தாளா? பறந்தபோது பார்த்திருப்பாள். பறந்ததா அது? அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த நிழலைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தாள், ஓடை வந்தது, மடக்கின கால் வந்தது, அவன் முகம் வந்தது, நிறம் வரவில்லை. நான்காவதுக்குப் போகலாம் என்று நினைத்தாள், போகவில்லை.